கட்டடக் கேள்வி பதில்: பழைய உயர்மாடியும் குறுகிய மனையும்

கேள்வி: சென்னை அண்ணாசாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடம் போன்ற பழைய உயர்மாடிகளை இடிக்காமல் புதுப்பிக்க முடியுமா? சுற்றிலும் ஓர் அடி இடம்கூட இல்லாத நகர நடுவில் அந்த வேலை எப்படி நடக்கும்? என் மகள் கட்டுமானப் பொறியியல் படிக்கிறாள். அவளுக்கும் பயன்படும் வகையில் விளக்க வேண்டுகிறேன்.
– வாசகர், காரைக்குடி

பதில்: தாங்கள் குறிப்பிட்ட கட்டடத்துக்கும் தங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்தான் அந்தக் கட்டடத்துக்கும் வித்திட்டவர். 1954-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். ஆயுள் காப்பீடு 1956-ல் நாட்டுடைமையாகி, கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்து, 1959-ல் திறக்கப்பட்டபோது நாட்டிலேயே உயரமானதாக அது நின்றது. 1975-ல் பெருந்தீயில் சிக்கிய பின்பும் சீர்செய்யப்பட்டு இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. ஆகவே, இடிக்காமல் முடியுமா என்பதற்கு அதுவே விடை.

எப்படி என்பதுதான் பெரிய கேள்வி. கூரையிலிருந்து கடைக்கால் (அஸ்திவாரம்) வரை சுமை எந்த வழியாக இறங்குகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும், ஒரு சுவரை எடுத்து மற்றொன்றை இன்னும் கட்டாத நடுப்பொழுதிலும்கூட, அந்த வழி அறுந்துவிடாமல் காக்க வேண்டும். வேலை முடிந்த பிறகான வரைபடம் எல்லாரிடமும் இருக்கும். பாதி வேலையில் கட்டடம் எப்படி நிற்கும் என்று காட்டும் வரைபடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். தங்கள் மகளும் அப்படிக் கேட்கப் பழக வேண்டும் என்பது என் விருப்பம்.

கண்டறிவது எப்படி? 1950-களின் கட்டடங்களில் வழவழப்பான சாதா இரும்புக் கம்பிகளே பெரும்பாலும் இருக்கும். அவற்றின் வலிமை இன்றைய முறுக்குக் கம்பியில் ஏறத்தாழ பாதிதான். வரைபடம் கிடைத்தாலும் அதை அப்படியே நம்பாமல், கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேனர் கொண்டு பார்க்க வேண்டும். கான்கிரீட்டிலிருந்து உருளை வடிவில் மாதிரி எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக உடைத்த பகுதியில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிஞ்சியிருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கிக் காரத்தைத் தின்றுவிட்ட பகுதி நிறம் மாறாமல் நிற்கும். அந்த நிறமற்ற பகுதி கம்பியைத் தொட்டுவிட்டதென்றால் கம்பியின் இயற்கைப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். அதன்பின் ஈரம் சேர்ந்தால் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்பதால் மேல்பூச்சு பிளந்து விழுகிறது. அந்த விழுந்த இடத்தைச் சிமெண்ட் பூசி மூடிவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும், ஏனெனில் நோய் உள்ளே அப்படியே இருக்கிறது.

தீயைக் கண்ட கட்டடத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடுபட்ட கான்கிரீட், கலந்த ஜல்லியைப் பொறுத்து இளஞ்சிவப்பு நிறம் பெறும். இழந்த வலிமையை அது மீண்டும் பெறுவதில்லை. சாதா இரும்புக் கம்பியோ 600 டிகிரி வரை சூடேறியிருந்தாலும் ஆறியபின் பெரும்பாலும் தன் வலிமையைத் திரும்பப் பெற்றுவிடும். எனவே எதை வெட்டி எடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை அளந்து பார்த்தே முடிவு செய்யலாம்.

வலுவிழந்த தூணைச் சுற்றிப் புதிய கம்பி கட்டி, குறைந்தது 100 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் உறை போடுவது வழக்கமான முறை. இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தூண் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் பாரத்தில் புதிய உறை தானாகப் பங்கு வாங்கிக்கொள்ளாது. பிறகு ஏறும் பாரத்தில்தான் அதற்குப் பங்கு. பழைய தூணின் பாரம் உண்மையிலேயே குறைய வேண்டுமானால், பக்கத்தில் எஃகு முட்டுகளை நிறுத்தி, ஹைட்ராலிக் ஜாக்கியால் உத்தரத்தைச் சிறிதளவு தாங்கிப் பிடித்து, உறை கெட்டிப்பட்ட பிறகே மெல்ல இறக்க வேண்டும். அந்த முட்டு நிற்கும் தளத்துக்குக் கீழேயும், அதற்கும் கீழேயும் முட்டுகள் தொடர வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

உட்சுவர்களையும் எளிதாக எண்ணிவிடலாகாது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநெறி முதன்முதலில் 1962-ல்தான் வெளிவந்தது. அதற்கு முன் எழுந்த கட்டடங்களில் கணக்கில் சேராத செங்கல் தடுப்புச் சுவர்கள்தான் பக்கவாட்டு விறைப்பில், அதாவது பக்கவாட்டில் ஆடாமல் நிற்கும் உறுதியில், பெரும்பங்கு தந்துகொண்டிருக்கும். திறந்த கூடம் வேண்டுமென்று ஒரே ஒரு மாடியில் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டால், கட்டடத்தின் அசைவு முழுவதும் அந்த ஒரு மாடியில் குவிந்துவிடும்.

இனி இட நெருக்கடி. முற்றம் இல்லாத மனையில் பொருளை வைக்க ஒரே இடம் கட்டடத்தின் தளங்கள்தான், ஆபத்தும் அங்கேதான். அலுவலகத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 400 கிலோ சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. இடித்த செங்கல் ஓர் அடி உயரம் குவிந்தாலே அந்த அளவு முழுவதும் தீர்ந்துவிடும். ஆகையால் இடிபாட்டைத் தேங்கவிடாமல் அன்றன்றே குழாய்ச் சரிவு வழியாகவோ, பழைய மின்தூக்கிக் குழி வழியாகவோ இறக்கி, லாரிகளுக்கு அனுமதியுள்ள இரவு நேரத்தில் வெளியேற்ற வேண்டும். கம்பியை வெளியிலேயே வெட்டி வளைத்து, கட்டும் வரிசைப்படி எண்ணிட்டுக் கொண்டுவர வேண்டும். கிரேனை மாடியில் நிறுத்துவதானால் அதன் கால்கள் தூண்களின் நேர்மேலே அமைய வேண்டும். பக்கத்து மனைக்கு மேல் கை நீளாதபடி, கையை நிமிர்த்தித் தூக்கும் வகைக் கிரேன் இங்கே பொருத்தமானது.

வேலை நடக்கும்போது தீயணைப்புக் குழாயில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன். 2019-ல் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் தீப்பிடித்தபோது அங்கே சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. வெல்டிங் முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஓர் ஆள் அங்கேயே காவல் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கடையை ஒட்டியுள்ள பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் நிலத்தடித் தளம் அமைக்கத் தோண்டப் போகிறார்கள். எங்கள் சுவருக்கு என்ன ஆகும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தோண்டுவதற்கு முன்பே தங்கள் சுவரிலுள்ள விரிசல்கள் அனைத்தையும் தேதியுடன் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரிசல்களின் குறுக்கே அளவுக்குறி ஒட்டி வாரந்தோறும் பார்த்து வாருங்கள். பழைய கடைக்காலுக்குக் கீழே கட்டுவதானால் ஒரு மீட்டர் அளவுள்ள துண்டுகளாக, இடைவெளி விட்டு, ஒரு துண்டு கெட்டிப்பட்ட பிறகே அதன் அடுத்த துண்டைத் திறக்க வேண்டும். தாழ்ந்த கூரைக்குள்ளும் நுழையும் சிறு இயந்திரத்தால் 300 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டத்தில் போடப்படும் மைக்ரோ பைல்கள் எனும் மெல்லிய நிலத்தடித் தூண்கள் இத்தகைய இடத்துக்கு மிகவும் ஏற்றவை. நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைக்கப் போகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதனால் தங்கள் பக்கத்து மண் அமுங்கக்கூடும்.

கேள்வி: பாட்டனார் கட்டிய எங்கள் வீட்டின் வளவை, அதாவது நடுமுற்றப் பகுதியை, சுற்றி மேலே கான்கிரீட் தளம் போட்டு விருந்தினர் அறைகள் கட்டப் பங்காளிகள் அனைவரும் சம்மதித்துவிட்டனர். செய்யலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் மட்டுமே சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ எடை. வளவின் மரத்தூண்கள் ஓட்டுக்கூரையைச் சுமப்பதற்காகக் கல்லின்மேல் நிறுத்தப்பட்டவை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்களும் புதிய பாரத்தைச் சமமாக வாங்காமல் ஆங்காங்கே பிளக்கும். அறைகள் கட்டாயம் வேண்டுமென்றால் பின்கட்டில், பழைய சுவரைத் தொடாமல், தனிக் கடைக்கால் கொண்ட இலேசான எஃகுச் சட்டத்தில் எழுப்புங்கள். பழைய சுவரில் சிமெண்ட் பூச்சையும் தவிருங்கள். அது ஈரத்தை உள்ளே அடைத்து உப்புப் பூக்க வைக்கும். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றும் கொத்தனார்கள் தங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். பங்காளிகள் கூடும்போது அவர்களில் ஒருவரையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் அழைத்து, கூரையிலிருந்து கடைக்கால் வரை வீட்டை ஒருமுறை முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.