ஒரே குடும்பம் நூறு வருடத்துக்கு மேல் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கைவிடாமல் வைத்திருப்பது எப்படிச் சாத்தியம்?

கலிபோர்னியாவின் சோனோமாவில் குண்ட்லாக் பண்ட்ஷு குடும்பம் 1858 முதல் ஒரே பண்ணையை வைத்திருக்கிறது. இப்போது ஆறாவது தலைமுறை. மண்மேல் இருந்த பாசம் என்று பலர் சொல்வார்கள். என் கணிப்பு வேறு: தேவைப்பட்டபோது ஒயினை விட்டார்கள், நிலத்தை விடவில்லை.

பவேரியாவிலிருந்து வந்த ஜேக்கப் குண்ட்லாக் வாங்கிய 400 ஏக்கர் அது. பெயர் ரைன்ஃபார்ம். சார்லஸ் பண்ட்ஷு மருமகனாக வந்ததால் இரண்டு பெயரும் சேர்ந்துகொண்டன. திராட்சை சோனோமாவில் விளைந்தது, ஒயின் கிடங்கு சான் பிரான்சிஸ்கோவில் இருந்தது. 1906 நிலநடுக்கமும் அதையடுத்த தீயும் கிடங்கை அழித்தன. சுமார் 10 லட்சம் காலன் ஒயின் போனது, நகரத்து வீடுகளும் போயின. குடும்பம் பண்ணைக்கே குடிவந்தது.

அப்புறம் 1920-இல் நாடு முழுக்க மதுவிலக்கு. ஒயின் ஆலையை மூடினார்கள். 1933-இல் தடை நீங்கிய பிறகும் திறக்கவில்லை! பொறுப்பிலிருந்தவர் சார்லஸின் மகன் வால்டர்; அவருடைய மனைவி சேடி மதுவிலக்கை ஆதரித்தவர். (ஒயின் குடும்பத்துக்கு வாய்த்த மருமகளைப் பாருங்கள்.) ஆனாலும் கொடிகளைப் பிடுங்கி எறியவில்லை. அவர்களுடைய மகன் டவுல் 1938-இல் பொறுப்பேற்று, பழத்தை மற்ற ஒயின் நிறுவனங்களுக்கு விற்றார். டவுலின் மகன் ஜிம்தான் 1973-இல் ஆலையை மறுபடி இயக்கினார். அரை நூற்றாண்டு சொந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட இல்லை, தோட்டம் மட்டும் ஓடியது. கௌரவம் பார்க்கிற குடும்பமாக இருந்திருந்தால் எப்போதோ விற்றிருக்கும்.

2017 அக்டோபர் காட்டுத்தீயில் பண்ணையிலிருந்த குடும்ப வீடு எரிந்தது. ஆலை தப்பியது.

சரி, மற்ற விவசாயக் குடும்பங்கள் நில விலையேற்றத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? சோனோமா மாதிரி இடத்தில் சந்தை விலைக்கு நிலவரி கட்டினால் விவசாய வருமானம் கட்டுப்படியாகாது. அதற்காக 1965-இல் கலிபோர்னியாவில் வில்லியம்சன் சட்டம் வந்தது. நிலத்தில் விவசாயம்தான் செய்வோம் என்று பொதுவாகப் பத்து ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும். விளைச்சல் மதிப்பை வைத்து வரி போடுவார்கள். ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானாக ஓராண்டு நீண்டுகொண்டே போகும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் உடனே விற்றுக் கட்டடம் கட்ட முடியாது. மீதி ஆண்டுகள் ஓட வேண்டும், அதற்குள் வரியும் படிப்படியாக ஏறும். இடத்தை உடனே பிரித்துக் கொடு என்று கேட்கும் வாரிசுகள் இருக்கிற வீட்டில் இந்தத் தாமதமே பெரிய உதவி.