வார்டு வேறு, வீடு வேறு

அன்புள்ள ஐயா,

என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். இப்போது வீடு வீடாகப் போய் தாய், குழந்தைகளைக் கவனிக்கிற வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பிரஷர் பார்க்கவும் ஊசி போடவும் தெரிந்தவளுக்கு இன்னும் என்ன பயிற்சி?

கே., பாலக்கோடு

அன்புள்ள கே.,

உங்கள் மகள் எடுத்திருப்பது நல்ல முடிவு. ஆனால் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

வார்டில் கூட இருப்பவர்களை வெளியே போகச் சொல்லிவிடலாம். வீட்டில் மாமியார் 'வாம்மா' என்றால்தான் உள்ளேயே போக முடியும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிற பாட்டியிடம், அவரைக் குற்றவாளி ஆக்காமலும் விஷயத்தை விட்டுக்கொடுக்காமலும் பேச வேண்டும். இதை எந்த வார்டில் கற்றுக்கொள்வது? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் எல்லாப் பெண்களும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கும், ஏனென்றால் மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியிருப்பாள். அது இயல்புதான், டீயோடு மட்டும் போடாதே என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்தப் பயத்தை அவள் வாய்திறந்து சொல்லும்படி பேசத்தான் பழக்கம் வேண்டும். அதைவிடக் கஷ்டம், கல்யாண வயது ஆகாத பெண் கர்ப்பமாகிவிட்டால் கேஸ் ஆகுமே என்று நர்ஸ் கண்ணிலேயே படாமல் வைத்திருக்கும் வீடு. சட்டத்தையும் மறைக்காமல், அந்தப் பெண்ணையும் பரிசோதனைக்கு வரவைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பதிவு பெற்ற செவிலியரோ மருத்துவச்சியோகூட ஹெல்த் விசிட்டர் (வீடு வீடாகப் போய் தாய், குழந்தைகளைக் கவனிக்கிறவர்) ஆக முழுநேரமாக ஒரு வருடம் மேலே படிக்க வேண்டும், அதில் பாதி களத்தில். இங்கே பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வாசல்வரை போவதற்குத் திட்டங்கள் உண்டு, உள்ளே போய் உட்கார்ந்து என்ன பேசுவது என்பதற்குத்தான் படிப்பில் இன்னும் நிறைய இடம் தர வேண்டும் என்கிறேன்.

மகளிடம் சொல்லுங்கள்: பல வருடம் ஊர் சுற்றிய ஒரு கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுமதி கேட்டு, கொஞ்ச நாள் அவர்கூடவே போகட்டும். முதலில் பேசாமல் பார்க்கட்டும். அப்புறம், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போடுவார்கள் என்றால் தெலுங்கும் கன்னடமும் இப்போதே பேசிப் பழகட்டும்.