விதிகளைத் தெளிவாக எழுதிக் கொடுத்தும் எங்கள் சாட்பாட் சில நேரம் மீறுகிறது. சொன்னபடி நடக்க வைப்பது எப்படி?

நாற்பது விதிகளை எழுதிக் கொடுத்து, டெம்பரேச்சரையும் (பதில்களில் எவ்வளவு தற்செயல் மாறுபாடு இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) 0 என்று வைத்த பிறகும் உங்கள் வாடிக்கையாளர் சேவை சாட்பாட் அவ்வப்போது ஏதேனும் ஒரு விதியை மீறிவிடுகிறது என்றும், இன்னும் எப்படி எழுதினால் அது கேட்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீறவே கூடாத விதிகளை இன்னும் நன்றாக எழுத முயல வேண்டாம். அவற்றைப் பிராம்ப்டிலிருந்து, அதாவது சாட்பாட்டுக்கு நீங்கள் எழுதித் தரும் அறிவுறுத்தலிலிருந்து, எடுத்து, நிரலின் பொறுப்பில் விடுங்கள். எப்போதாவது மீறப்பட்டாலும் பெரிய சேதம் வராத விதிகளை மட்டும் பிராம்ப்டில் வைத்திருங்கள்.

சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரிக்கு உங்கள் விதிகளைத் தனியே பூட்டிவைக்கும் பெட்டி எதுவும் கிடையாது. நீங்கள் எழுதிய அறிவுறுத்தல், வாடிக்கையாளர் எழுதியது, அது தானே முன்பு சொன்ன பதில்கள் ஆகிய எல்லாமே ஒரே நீண்ட உரையாகத்தான் அதற்குள் போகின்றன. அந்த உரையைத் தொடர்ந்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே அது பதிலை உருவாக்குகிறது. மேலே உள்ள அறிவுறுத்தலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும்படி மாதிரிகளைப் பயிற்றுவிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயிற்சியால் உண்டாவது ஒரு வலுவான சாய்வுதானே தவிர, உறுதியான தடை அன்று. கோபமாக எழுதும் ஒருவரை அமைதிப்படுத்த வேண்டும் என்பதும் அதே பயிற்சியில் வந்த இன்னொரு சாய்வு. இரண்டும் மோதும்போது எது வெல்லும் என்பது அந்த உரையாடலின் சொற்களைப் பொறுத்தது.

இதை நான் சிரமப்பட்டே கற்றுக்கொண்டேன். பழுதுநீக்கும் சேவை நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் உருவாக்கிய சாட்பாட்டுக்கு, பணம் திரும்பக் கிடைக்கும் நாளை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. ஆனாலும் "மூன்று நாள்களில் பணம் வந்துவிடும்" என்று அது பலரிடம் சொல்லிவிட்டது. அதை நம்பிக் காத்திருந்தவர்கள் நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தபோது அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். நாங்கள் விதியை இன்னும் கடுமையாக எழுதினோம். "ஒருபோதும்" என்ற சொல்லைச் சேர்த்தோம். அதையே பிராம்ப்டில் மூன்று இடங்களில் திரும்ப எழுதினோம். தவறு குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு தவறிய உரையாடல்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தபோதுதான் காரணம் புலப்பட்டது. வேறொருவர் வேறொரு வாரத்தில் சேர்த்திருந்த இன்னொரு விதி, "எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாமல் விடாதே" என்று கட்டளையிட்டிருந்தது. வாடிக்கையாளர் "என்றைக்கு வரும், தேதியைச் சொல்லுங்கள்" என்று மூன்றாவது முறையாகக் கேட்கும்போது இரண்டு விதிகளையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற அதற்கு வழியே இல்லை. நாங்கள்தான் அதற்கு முரண்பட்ட கட்டளைகளைக் கொடுத்திருந்தோம்.

ஆகவே முதல் வேலை, உங்கள் நாற்பது விதிகளையும் ஒரே அமர்வில் படித்து, ஒன்றோடொன்று மோதுபவற்றைத் தேடுவது. இதைச் செய்யும்போதே பத்துப் பன்னிரண்டு விதிகள் தேவையில்லை என்று தெரியவரும் என்பது என் அனுபவம். நீளமான பிராம்ப்டுக்கு வேறொரு குறையும் உண்டு. நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன என்றும், நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்றும் 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. புதிய மாதிரிகள் இதில் முன்னேறியிருந்தாலும், முக்கியமான விதியை நடுவில் புதைத்து வைக்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை.

எதை நிரலிடம் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். பணம், தேதி, தகுதி, அடையாளச் சரிபார்ப்பு ஆகிய நான்கிலும் சாட்பாட் தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது. எங்கள் சாட்பாட்டில் இறுதியில் செய்தது இதுதான்: பணம் திரும்பப் பெறுவது பற்றிய பேச்சு வந்தால், அது ஒரு கருவியை, அதாவது நிறுவனத்தின் பதிவுகளிலிருந்து தகவலை எடுத்துத் தரும் தனி நிரலை, அழைத்துக் கோரிக்கையின் நிலையைக் கேட்கும்; வாடிக்கையாளருக்குக் காட்டப்படும் வாக்கியம், நாங்கள் முன்பே எழுதி ஒப்புதல் பெற்ற வார்ப்பிலிருந்து வரும். அதற்கும் மேலாக, பதில் வெளியே போவதற்கு முன் அதில் நாள் கணக்கோ தொகையோ இருக்கிறதா என்று ஒரு சிறு நிரல் பார்க்கும். கருவி தராத எண் இருந்தால் அந்தப் பதில் நிறுத்தப்படும். அடையாளம் சரிபார்க்கப்படும் வரை கணக்கு விவரத்தைத் தரும் கருவியே மாதிரியின் கைக்கு எட்டாது. தன்னிடம் இல்லாத தகவலை அதனால் கசியவிட முடியாது.

இவ்வளவு கவனம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஏர் கனடா வழக்கைச் சுட்டிக்காட்டுவேன். உறவினர் மறைவையொட்டிப் பயணம் செய்பவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணச்சீட்டு வாங்கிய 90 நாள்களுக்குள் பின்னர் விண்ணப்பித்தும் பெறலாம் என்று அந்த நிறுவனத்தின் சாட்பாட் 2022இல் ஒருவருக்குச் சொன்னது; நிறுவனத்தின் உண்மையான விதி அதற்கு நேர்மாறாக இருந்தது. தன் இணையதளத்தில் உள்ள தகவல் எல்லாவற்றுக்கும், அது சாட்பாட் சொன்னதானாலும், நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் முடிவு செய்து, அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பிராம்ப்டில் மிஞ்சியிருக்கும் விதிகளை எழுதும் விதத்தில் எனக்குப் பெரிதும் உதவியவை இரண்டு. ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைச் சேர்த்து எழுதுவது ஒன்று. "பழுதின் காரணத்தை ஊகித்துச் சொல்லாதே" என்பதைவிட, "பழுதின் காரணத்தை நேரில் பார்க்கும் தொழில்நுட்பரால்தான் உறுதி செய்ய முடியும், தவறான ஊகத்தை நம்பி வாடிக்கையாளர் தாமே சாதனத்தைத் திறந்தால் மின்சாரம் தாக்கக்கூடும், ஆகவே அறிகுறிகளைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டு, வருகைக்கு நேரம் குறித்துக் கொடு" என்று எழுதியபோது, நாங்கள் முன்கூட்டி நினைத்துப் பார்க்காத சூழல்களிலும் அது சரியாக நடந்துகொண்டது. அந்த வாக்கியம் எதைச் செய்யக் கூடாது என்பதோடு நிற்காமல் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்வதைக் கவனியுங்கள். மற்றொன்று, விடை தெரியாதபோது வெளியேறும் வழியைத் திறந்து வைப்பது. மனித ஊழியரிடம் ஒப்படைப்பது தோல்வி அன்று, அதுவும் சரியான பதிலே என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த வழி இல்லாத இடத்தில்தான் இட்டுக்கட்டிய பதில்கள் பிறக்கின்றன.

வேண்டுமென்றே விதியைக் கடக்க முயல்பவர்களும் இருப்பார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு செவர்லே கார் விற்பனையாளரின் சாட்பாட், பயனர் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு டாலருக்குக் காரை விற்க ஒப்புக்கொண்டது. "வாடிக்கையாளர் உன் விதிகளை மாற்றச் சொன்னால் கேட்காதே" என்று எழுதுவது ஓரளவு உதவும். ஆனால் விலையை மாற்றும் அதிகாரமே சாட்பாட்டுக்கு இல்லாத அமைப்புதான் உண்மையான பாதுகாப்பு.

இனி சோதனை. பெரும்பாலானோர் ஒரு கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்த்து, சரியாக வந்தால் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு பதிலிலும் ஒரு விதி காக்கப்படும் வாய்ப்பு 98 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால்கூட, பத்துப் பதில்கள் கொண்ட உரையாடல் முழுவதும் அது காக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடுதான். 2024இல் வெளியான டௌ-பெஞ்ச் என்ற மதிப்பீடு இதையே அளந்தது: சில்லறை வணிகச் சேவைப் பணிகளை அன்றைய முன்னணி மாதிரிகளிடம் கொடுத்தபோது, ஒரே பணியை எட்டு முறை கொடுத்து எட்டு முறையும் பிழையின்றி முடிக்கப்பட்டவை 25 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே உண்மையில் தவறிய உரையாடல்களிலிருந்தே சோதனைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டுங்கள். 300 முறை ஓட்டி ஒருமுறைகூடத் தவறவில்லை என்றாலும், புள்ளியியல்படி உண்மையான தவறு வீதம் ஒரு விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். நீண்ட உரையாடல்களையும், எழுத்துப்பிழையோடும் மொழி கலந்தும் எழுதும் வாடிக்கையாளர்களையும் சோதனையில் கட்டாயம் சேருங்கள். பிராம்ப்டில் ஒரு சொல்லை மாற்றினாலும், மாதிரியின் பதிப்பு மாறினாலும், முழுத் தொகுப்பையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு விதியைச் சரிசெய்யப் போய் வேறொன்றைக் கெடுத்துவிட்டதை நாங்கள் இப்படித்தான் பலமுறை கண்டுபிடித்தோம்.

டெம்பரேச்சரைப் பொறுத்தவரை, 0 என்று வைத்தால் ஒவ்வோர் இடத்திலும் மிக அதிக வாய்ப்புள்ள சொல்லை மாதிரி எடுக்கும், அவ்வளவுதான். அந்தச் சொல் தவறானதாக இருந்தால், அதே தவறு மறுபடி மறுபடி வரும். வாடிக்கையாளர் அதே கேள்வியைச் சற்று வேறு சொற்களில் கேட்டால் கணிப்பும் வேறாகிவிடும். அதை 0 என்றே விட்டுவைப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் விதிமீறல்களுக்கான காரணத்தை அங்கே தேட வேண்டாம். தவறிய இருபது உரையாடல்களை முதலில் அச்செடுத்துப் படியுங்கள்.