புது போனில் 'ஆர்' என்று காட்டி நெட் நிற்பது ஏன்?

புளியரையில் அப்பாவுக்கு வாங்கிய புது ஆண்ட்ராய்டு போனில், சிக்னலுக்குப் பக்கத்தில் 'ஆர்' (R) என்ற எழுத்து வந்ததும் நெட் நின்றுவிடுகிறது, கால் மட்டும் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. மாற்றித் தரச் சொல்லிக் கடைக்கு ஓட வேண்டாம்.

புளியரை கேரள எல்லையில் இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் ஆரியங்காவு. தமிழ்நாட்டு டவர் மங்கும் இடத்தில் போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி அதேதான், ஆனால் டெலிகாம் வட்டம் (கம்பெனியின் சேவைப் பகுதி) மாறியதால் போனுக்கு அது ரோமிங், அதாவது வெளிப் பகுதி நெட்வொர்க்; அதைத்தான் 'ஆர்' காட்டுகிறது. பழைய போனில் யாரோ எப்போதோ டேட்டா ரோமிங்கை ஆன் செய்திருப்பார்கள். புதியதில் பெரும்பாலும் அது ஆஃப் ஆகவே வரும்.

செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், நெட்டுக்குப் பயன்படுத்தும் சிம்மைத் தொட்டு, டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். இரண்டு சிம் இருந்தால் பலர் தப்பான சிம்மில் ஆன் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள், அதை ஒருமுறை பாருங்கள். வரவில்லையென்றால் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள். வளைகுடா போன்ற வெளிநாட்டுக்குப் போகிறவர் மட்டும் கிளம்பும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும், பில் எகிறிவிடும்.

அப்புறம், புது போனுக்காக அதே எண்ணுக்குப் புது சிம்மும் வாங்கியிருந்தால் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. வங்கி ஓ.டி.பி. வேலைகளை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.