கூர்மூக்குப் பிராணிக்குப் பொறி வைக்கலாமா?

கேள்வி: இரவில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் கூர்மூக்குள்ள சாம்பல் நிறப் பிராணி ஒன்று சுவரோரமாகவே ஓடுகிறது. மகள் அதை அகழெலி என்கிறாள். பொறி வைக்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம். அது மூஞ்சூறு, நம் பிள்ளையாரின் வாகனம். மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் அகழெலி (mole) சிங்கப்பூரில் கிடையாது.

முன்னங்காலைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அகழெலிக்கு அது மண்வெட்டிபோல் அகன்று, உள்ளங்கை வெளிப்புறம் திரும்பியிருக்கும். கட்டைவிரலை ஒட்டி அரிவாள் வடிவில் ஓர் உபரி எலும்பும் உண்டு. வெளிக்காது தெரியாது. மூஞ்சூறுக்குக் கால்கள் சிறியவை, காது வெளியே தெரியும். வால் அடியில் தடித்து நுனியில் மெலியும்; அதில் நீண்ட மயிர்கள் ஆங்காங்கே நிற்கும். எலி என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்: எலிக்கு மூக்கு இவ்வளவு நீளமாக வாயைத் தாண்டி வராது. விலாவில் உள்ள சுரப்பியால் மூஞ்சூறிடம் கஸ்தூரி வாடை அடிக்கும். பூனைகூடப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிடும்.

கரப்பானையும் பூச்சிகளையும் தின்று நமக்கு உதவுகிற பிராணி இது. எலிக்கு வைக்கும் பசை அட்டையில் இது சிக்குவதுதான் பெரிய கொடுமை. பிய்த்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும். முதலில் மீதிப் பசையின் மேல் காகிதம் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் துள்ளித் துள்ளி இன்னும் ஒட்டிக்கொள்ளும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைத் தடவி மெல்ல நெகிழ்த்துங்கள். மூக்கில் எண்ணெய் படக்கூடாது. பசி தாங்காத உடம்பு, தாமதிக்காதீர்கள். வீட்டுக்குள் வராமலிருக்க, கதவடி இடைவெளியை அடைத்தாலே போதும்.

கேள்வி: அகழெலி நமக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது?
– வாசகர், செங்காங்

பதில்: மலேசியாவின் கேமரன் மலையில். குளிர்ந்த, ஈரமான, மண்புழு நிறைந்த நிலம் அது. ஐரோப்பிய அகழெலி மண்புழுவின் தலையைக் கடித்து நகரவிடாமல் செய்து, உயிரோடு சேமித்துவைக்கும். செத்த புழு அழுகிவிடுமே!

கேள்வி: அகழெலியால் ஓர் அரசர் இறந்தாராமே?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம். 1702இல் அவருடைய குதிரை அகழெலி தள்ளிய மண்மேட்டில் இடறியது என்பார்கள். விழுந்ததில் காறையெலும்பு முறிந்தது. பின்னர் வந்த நிமோனியாதான் உயிரைப் பறித்தது. அவருடைய எதிரிகள் ‘கறுப்பு வெல்வெட் உடுத்திய சின்னக் கனவானுக்கு’ என்று மதுக்கிண்ணம் உயர்த்தினார்கள். வெல்வெட் என்றது பொருத்தமே. அகழெலியின் மயிர் எந்தப் பக்கமும் படியும், அதனால் குறுகிய வளையில் அகழெலி பின்னோக்கியும் தடையில்லாமல் ஓடும். அந்தத் தோலில் மேலங்கியும் தைத்தார்கள். ஒன்றுக்கே நூற்றுக்கணக்கான அகழெலிகள் தேவைப்பட்டன.