பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு நுண்புழை நுழைவை (மிக மெல்லிய குழாயிலோ இடுக்கிலோ நீர்மம் தானாக ஏறுவதை அல்லது இறங்குவதை) எப்படிக் கற்பிக்கலாம்?

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துபவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே, இடைவெளி குறையக் குறைய நீர் கூடுதல் உயரத்துக்கு ஏறுகிறது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

நுண்புழைக் குழாய்கள் கைவசம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளை எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்பிட்டு நன்றாக அலசி, ஒரு பக்க விளிம்புகளை ஒட்டவைத்து, மறுபக்கத்தில் நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகி, ரப்பர் வளையம் மாட்டி, சொட்டுநீலம் கலந்த தண்ணீர்த் தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். தீக்குச்சிப் பக்கம் சிறிதே ஏறும் நீலநீர், ஒட்டிய விளிம்பை நெருங்க நெருங்க வளைந்து மேலே செல்லும். கணிதப் பாடத்தில் அவர்கள் வரைந்த செவ்வக அதிபரவளையம்தான் அது. ஆங்கில மருத்துவரும் அறிவியலாளருமான ஜேம்ஸ் ஜூரின் 1718-இல் குழாய்களுக்குக் கண்டு சொன்ன எதிர்விகிதத்தை (ஆரம் பாதியானால் ஏறும் உயரம் இரு மடங்காகும்) இதற்குப் பிறகு விளக்கினால், எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. நீரின் பரப்பு இழுவிசையை (நீர்ப்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்ளச் செய்யும் விசையை) மீட்டருக்கு 0.072 நியூட்டன் என்று கொண்டு, 1 மி.மீ. ஆரமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் சுமார் 1.5 செ.மீ., 0.1 மி.மீ. ஆரத்தில் சுமார் 15 செ.மீ. வருவதை அவர்களே கணக்கிடட்டும். பாதரசம் கண்ணாடிக் குழாயில் கீழிறங்குவதற்குச் சேர்கோணம் (நீர்மப் பரப்பு கண்ணாடியைத் தொடும் இடத்தில் நீர்மத்துக்குள் அமையும் கோணம்) 90 பாகையைத் தாண்டுவதே காரணம் என்பதைப் படம் வரைந்து காட்டினால் போதும். பாதரசம் நச்சு என்பதால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

நீர் ஏறும் உயரமும் ஏறும் வேகமும் வேறு வேறு என்பதற்கு நம் மண்ணே போதும். அடியில் துணி கட்டிய இரண்டு ஒளிபுகு குழாய்களில், ஒன்றில் கொள்ளிடத்து ஆற்றுமணலையும் மற்றதில் உலர்த்தி இடித்துச் சலித்த வயல் களிமண்ணையும் நிரப்பித் தண்ணீரில் நிறுத்தினால், மணலில் ஈரம் மளமளவென்று ஏறிச் சீக்கிரமே நின்றுவிடும். களிமண்ணில் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் பாகுநிலை (நீர்மம் ஓடும்போது அதற்குள் எழும் உராய்வு) நீரைத் தடுத்து மெதுவாகவே ஏறவிடும். ஆனாலும் ஓரிரு நாளில் ஈரம் மணலைத் தாண்டி மேலே போயிருக்கும். வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் என்றால், வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதைக் கேட்டுப் பாருங்கள். செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறிய உவர்நீர் ஆவியாகி, உப்பு மட்டும் அங்கே தங்குகிறது.

தென்னை உச்சிக்குத் தண்ணீர் போவது நுண்புழை நுழைவால் மட்டுமே என்று யாராவது எழுதினால், உடனே அந்த விடையைக் கோடிட்டு அடித்துவிடாமல் கணக்குப் போடச் சொல்லுங்கள். 0.02 மி.மீ. ஆரமுள்ள சைலக் குழாயில் (மரத்துக்குள் நீரை மேலே கடத்தும் நுண்குழாய்) நீர் முக்கால் மீட்டர் அளவுக்கே ஏறும். மீதி உயரத்துக்கு நீரைக் கொண்டு செல்வது இலைகளிலிருந்து நீர் ஆவியாக வெளியேறும் நீராவிப்போக்கின் இழுப்பும், அந்த இழுப்பில் நீர்த்தம்பம் அறுந்துவிடாமல் காக்கும் ஓரினக் கவர்ச்சி விசையும் (நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவரும் விசை)தான்.