நாலரை மணிக்கு எழுந்தால் நாற்காலி வருமா?

கேள்வி: எனக்கு 31 வயது. மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எட்டு வருடமாக ஆபரேட்டர். பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து மோட்டாரில் போய் வருகிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பகலும் இரவும் மாறி மாறி வரும். போன வருடம் ஒரு ஹோட்டலில் நடந்த தன்முனைப்புப் பயிற்சிக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் போனேன். ‘வெற்றியாளர்கள் எல்லாரும் விடிகாலை நாலரைக்கு எழுகிறவர்கள். கண்ணாடி முன் நின்று நான் வெற்றியாளன் என்று சொல்லுங்கள், இலக்கைத் தினமும் எழுதுங்கள், 21 நாளில் பழக்கமாகிவிடும்’ என்றார்கள். இரண்டாவது வாரமே விட்டுவிட்டேன். ‘நம்ம ஆளுங்களுக்கு மைண்ட்செட் சரியில்லை, அதான் இப்படியே கிடக்கிறோம்’ என்கிறார் என் மச்சான். அது உண்மையா? அடுத்த கட்டப் பயிற்சிக்கு 500 வெள்ளி முன்பணம் வேறு கட்டியிருக்கிறேன். போகலாமா?
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: போக வேண்டாம், தம்பி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் ஒரு நாளைக் கணக்குப் போடுங்கள். காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றால் ஆறு மணிக்காவது மோட்டாரை எடுத்துப் பாலம் ஏற வேண்டும். மாலை ஏழுக்கு வேலை முடிந்து, நெரிசலில் ஊர்ந்து வீடு சேர எட்டாகும். குளித்துச் சாப்பிட்டு, வீட்டாரோடு நாலு வார்த்தை பேசிப் படுக்கப் பத்தரை. நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரத் தூக்கம். வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். தூக்கத்தில் கடன் வாங்கிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் மோட்டார் ஓட்டுவதை முன்னேற்றம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இரவு ஷிஃப்ட் வாரத்திலோ நாலரை மணிக்கு நீங்கள் ஏற்கனவே விழித்துக்கொண்டு லைனில்தான் நிற்கிறீர்கள். அதற்காக யாராவது உங்களை வெற்றியாளன் என்று கூப்பிட்டார்களா?

விடியுமுன் எழுவதுதான் வெற்றிக்கு வழி என்றால் நம் பாட்டன் பாட்டிமார் எல்லாரும் கோடீஸ்வரர்களாகச் செத்திருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள் அவர்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் விடிகிற நேரத்திலேயே மரத்தடியில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாழ்நாள் முழுக்க. ஹோட்டல் மேடையில் விற்கிற அத்தனை ஒழுக்கமும் அவர்களிடம் இருந்தது. கையில் மிஞ்சியது என்ன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

அந்த 21 நாள் கதையையும் பார்த்துவிடுவோம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களைப் பற்றிய குறிப்பு அது. ‘குறைந்தது’ என்ற சொல் போகப் போக உதிர்ந்துவிட்டது. மூக்கும் காணாமல் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. உண்மையாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள். 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக வரும் நிலைக்கு நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய நட்டமில்லை என்பதும் தெரிந்தது. ஆக, இரண்டாவது வாரத்தில் விட்டுவிட்டதால் நீங்கள் உதவாக்கரை ஆகிவிடவில்லை.

அந்த ஆய்வில் உங்களுக்குப் பயன்படும் விஷயம் வேறு ஒன்று உண்டு. புதுப் பழக்கத்தை, எப்படியும் தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டிவைக்கச் சொன்னார்கள்: பசியாறிய பிறகு, மதியச் சாப்பாட்டோடு, இந்த மாதிரி. ஷிஃப்ட் ஆளுக்கு மணிக்கணக்கு உதவாது, வாரத்துக்கு வாரம் புரண்டுவிடும். ஆனால் பகலோ இரவோ, கேன்டீனில் சாப்பிட்டு முடிக்கிற நேரம் என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது? உங்கள் மெஷின் கையேட்டில் இரண்டு பக்கம் அப்போது படியுங்கள். கண்ணாடி வேண்டாம்.

சரி, உங்கள் மச்சான். அவர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் அல்ல. இதே பேச்சை நம் மண்டபங்களில் நாமே பேசி நாமே கைதட்டுகிறோம்.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் இன்றும் வயதானவர்கள் முகம் மாறும். வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, ‘விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம்’ என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் சீவியவர்களின் அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னப் பணமில்லை. கட்டினார்கள். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது, பிறகு மேலும் பல தோட்டங்கள். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சங்கத்தின் கட்டடம்தான்.

அந்த மக்களுக்கு யார் மைண்ட்செட் வகுப்பு எடுத்தார்கள்? விடிகாலையில் எழுவது முன்பும் இருந்தது, உழைப்பும் இருந்தது. புதிதாக வந்தது ஓர் ஏற்பாடு. மாதா மாதம் பணத்தை வாங்கிக் கணக்கு வைக்க ஓர் அமைப்பு, அது எதற்கென்று கண்ணால் காட்ட ஒரு தோட்டம். ஏற்பாடு சரியாக இருந்தபோது நம் ஆட்களின் மனசும் சரியாகத்தான் வேலை செய்தது. மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த மேடையில் மார்ஷ்மெல்லோ கதையும் வந்திருக்குமே? இன்னொன்று கிடைக்கும் என்று மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த பிள்ளைகளே பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்கிற ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு. 2018இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. வீட்டுச் சூழலையும் பெற்றோர் படிப்பையும் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி கரைந்தே போனது. இதை மேடையில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூட்டம் கலைந்துவிடும்.

நிக்கோல் டேவிட் படத்தையும் காட்டியிருப்பார்கள். நம் பினாங்குப் பெண், ஒன்பது வருடம் உலகின் முதல்நிலை ஸ்குவாஷ் ஆட்டக்காரர், எட்டு முறை உலக வெற்றியாளர். புக்கிட் டும்பாரில் அவர் பெயரிலேயே மையம் இருக்கிறது. மன உறுதி இல்லாமல் அது நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அக்காமாரும் ஸ்குவாஷ் ஆடியவர்கள். சின்ன வயதிலேயே ராக்கெட் கைக்கு வந்துவிட்டது. பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், லிஸ் இர்விங் என்ற பயிற்சியாளரிடம் தங்கிப் பழகினார். தினமும் பயிற்சிக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கவே இடமில்லாத ஓர் இடத்தில் தன்னைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். ஊழியர் சேமநிதிக்கு (இ.பி.எஃப்.) உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். சம்பளம் 5,000 வெள்ளிக்குள் என்றால் முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். 2,200 வெள்ளி அடிப்படைச் சம்பளத்துக்கு மாதம் சுமார் 528 வெள்ளி சேர்கிறது. இதற்கு நீங்கள் ஒரு நாளாவது நாலரைக்கு எழுந்தீர்களா? கைக்கு வருமுன்பே போய்விடுகிறது, அதனால் நிற்கிறது. ஆனால் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணத்துக்குச் சேமநிதி கிடையாது. தொழிற்சாலைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கணக்கில் எடுப்பதில்லை. உடம்பை வருத்திச் சம்பாதிக்கிற அந்தப் பணம் பெரும்பாலும் முழுசாகவே கைக்கு வருகிறது, புதுக் கைப்பேசியாகவும் தவணையாகவும் முழுசாகப் போகிறது. ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கையாவது சம்பளம் கணக்கில் ஏறுகிற நாளிலேயே வேறு வங்கிக் கணக்குக்குத் தானாக மாறும்படி செய்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வாங்காதீர்கள். ஆத்திர அவசரத்துக்கு அது பத்திரமாகச் சேர்ந்த பிறகு, மேற்கொண்டு வருவதைச் சேமநிதியில் நீங்களாகவே போடலாம், அதற்கு வழி இருக்கிறது. முதலிலேயே அங்கே போட்டால் நினைத்தபோது எடுக்க முடியாது. 2024 மே மாதத்திலிருந்து, புதிதாகப் போடும் தொகையில் பத்து விழுக்காடுதான் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் விழுகிறது.

இனி நான் உங்களைத் திட்டப் போகிற இடம். 1,200 வெள்ளி கட்டி ஹோட்டலுக்குப் போனீர்களே, உங்கள் கம்பெனி மனிதவள அலுவலகத்தின் கதவைத் தட்டினீர்களா? பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் வேலை செய்யும் தொழிற்சாலை, சம்பளக் கணக்கில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்ட வேண்டும். ஊழியர் பயிற்சிக்கென்றே உள்ள பணம் அது. உங்கள் சம்பளத்தில் அதைப் பிடிக்கவும் கூடாது. பாயான் லெப்பாஸிலேயே, 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. நீங்கள் தினம் வேலைக்குப் போகிற அதே வட்டாரம். எட்டு வருட அனுபவத்தை வைத்தே மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி உண்டு. வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி மதிப்பீடு செய்துகொள்ளும் முறை. ஆபரேட்டரிலிருந்து டெக்னீஷியன் ஆக வேண்டுமென்றால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

கேட்க வாய் வராது, அதுதான் நம் கோளாறு. கோயில் கூட்டத்தில் மைக் பிடித்து அரை மணி நேரம் பேசுவோம், அலுவலகத்தில் போய் ‘எனக்கு என்ன பயிற்சி இருக்கிறது, எப்போது அனுப்புவீர்கள்’ என்று கேட்க மாட்டோம். சூப்பர்வைசர் தப்பாக நினைப்பாரோ, மலாயில் தடுமாறிவிடுவோமோ என்று ஆயிரம் தயக்கம். எழுத்தில் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கேளுங்கள். முதல் தடவை இல்லை என்றால் அடுத்த தடவை எந்த மெஷினுக்கு என்று குறிப்பாகக் கேளுங்கள். மனசைத் தயார் செய்துகொள்ளத்தான் வேண்டுமென்றால் இதற்குச் செய்துகொள்ளுங்கள்.

அந்த 500 வெள்ளி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஏற்பாட்டாளருக்கு இந்த வாரமே கடிதமோ வாட்சப்போ அனுப்புங்கள். போனில் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பணம் கட்டும்போது என்ன நிபந்தனையில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையும் எடுத்துப் பாருங்கள். மழுப்பினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் யோசனை கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கும், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ரசீது உங்களிடம் இருக்கிறதுதானே?